நூற்றுப் பதினெட்டு வியாழக்கிழமைகள்

செவ்வாய்க்கிழமை காலைகளில் ஆட்டோ ஓட்டும் கஜேந்திரனுக்கு முதல் ஹயர், அதாவது முதல் சவாரி, ஹவ்வா உம்மாதான். ஆஸ்பத்திரி கிளினிக்கில் அவரை இறக்கிவிட்டு, பதினொரு மணிக்குத் திரும்பப் போய் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் சேர்க்க வேண்டும். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். அப்படி ஒருநாள் உம்மாவைக் கைபிடித்து ஆட்டோவிலிருந்து இறக்கியபோது, அவருடைய மகள் றிஸ்னா வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, உங்கட போனை எனக்கு ஒருக்கா தாறீங்களா?"

றிஸ்னாவுக்கு இருபத்தெட்டு வயது. கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு மாத்தளையில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். அது சம்பளத்துக்கு. மீதி நேரத்தில் எண்களைப் படமாக்குவாள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபது வருடங்களாக எடுத்த மழை அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு நாளையும் ஒரு நீலக் கோடாக்கி, ஆளுயரத்துக்கு ஒரு படம் செய்திருந்தாள். எட்ட நின்று பார்த்தால் மலையில் மூட்டம் இறங்குவது போலவே இருக்கும். உம்மாவின் சீனி வருத்தத்தையும் அவள் விடவில்லை. தினமும் விரலில் குத்திப் பார்க்கிற அளவுகள் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வட்டத்துக்குள் விரிந்து முன்அறைச் சுவரில் தொங்கின.

"என்ட சீனியச் சுவத்துல மாட்டி வச்சீக்கிறா. வாறவன் போறவனெல்லாம் பாத்துட்டுப் போறான்," என்று உம்மா கஜேந்திரனிடம் அடிக்கடி குறைப்படுவார். ஆனால் யாராவது வந்தால் முதலில் அதைக் காட்டுவதும் அவர்தான்.

செப்டெம்பரில் டவுன் மண்டபத்தில் றிஸ்னாவின் படங்களுக்கு மூன்று நாள் கண்காட்சி. அதற்குத்தான் போனைக் கேட்டாள்.

"என் போன்ல என்னா தங்கச்சி இருக்கு? பழைய பாட்டுத்தான் கெடக்கு."

"நீங்க போன எடமெல்லாம் இதுல பதிஞ்சி ஈக்கும். வாங்கின நாள்ல இருந்து. எங்க போனீங்க, எங்க நிண்டீங்க, எத்தின நிமிசம் நிண்டீங்க, எல்லாம். நான் அதக் கோடாக்குவேன். உங்கட பேர் போட மாட்டேன்."

கஜேந்திரன் சிரித்தான். நாற்பத்திரண்டு வயதில் தன்னை யாரும் படம் வரையக் கேட்பார்கள் என்று அவன் நினைத்ததில்லை. போனைத் திறந்து கொடுத்தான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. உம்மா கொடுத்த பிளேன்டியைக் குடித்துவிட்டு, போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டான். போனுக்குள் இன்னும் என்ன இருக்கிறது என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை றிஸ்னா அவனை உள்ளே கூப்பிட்டு ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

திரை முழுக்க இருட்டுக் கறுப்பு. அதில் மயிரிழை போன்ற மஞ்சள் கோடுகள் ஆயிரக்கணக்கில் ஓடின. ஒரு தடவை போன பாதை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மங்கல். பல தடவை போன பாதையில் கோட்டின்மேல் கோடு விழுந்து வெளிச்சம் கூடியிருந்தது. நடுவில் டவுன் தணல் மாதிரி கனன்றது. அங்கிருந்து வடக்கே ஒரு தடித்த கிளை.

"இது அலுவிகாரை," என்றான் கஜேந்திரன், விரலை வைத்து. "இப்பிடியே மேல போனா தம்புள்ள. இந்தா இது சீகிரியா, வெள்ளக்காரங்கள ஏத்திக்கிட்டுப் போனது. இது என்னா இப்பிடி சுத்திக்கிட்டு நிக்குது? ஆ... கல்யாணக் காட் குடுக்கப் போனாரே ஒருத்தர், அன்னைக்கு ஊரெல்லாம் சுத்தினோம்!"

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு வருட உழைப்பு. தோள் வலியும் வெயிலும் தூசியும் தவிர அதில் எதுவும் மிஞ்சியதாக அவன் நினைத்ததில்லை. இங்கே அது ஒரு மரம் மாதிரி கிளைவிட்டு நின்றது.

கிழக்கே போகும் கிளையில் அவன் விரல் பாதியில் நின்றது.

ரத்தோட்டைப் பாதை. ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற வழி. டவுனிலிருந்து போகும் அந்தக் கோட்டின் நடுவே, ரத்தோட்டைக்குச் சற்று முன்னால், வெளிச்சமாக ஒரு முடிச்சு. வட்டத்துக்கு மேல் வட்டம். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல், கொஞ்சம் விலகி விலகி விழுந்ததில், அது பல இதழ் கொண்ட பூவைப் போல இருந்தது. படம் முழுவதிலும் அவ்வளவு வெளிச்சமான இடம் வேறில்லை.

"நீங்க நிண்ட எடத்துக்கெல்லாம் ஒவ்வொரு வட்டம் போட்டீக்கிறன்," என்றாள் றிஸ்னா. "போனுக்கு எடம் நாலஞ்சு மீட்டர் முன்னப்பின்னத்தான் தெரியும். அதுதான் விலகி விலகி விழுந்தீக்குது. நூத்திப் பதினெட்டு வட்டம். இங்க என்ன அண்ணே ஈக்குது?"

"டீக்கடை," என்றான் கஜேந்திரன். "நல்ல டீ."

றிஸ்னா திரையின் ஓரத்தில் ஒரு பட்டியலைத் திறந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எல்லாமே வியாழக்கிழம. ஒண்டு இருவதுக்கு வாறீங்க, ஒண்டே முக்காலுக்குப் போறீங்க. ஏப்ரல்ல ஒண்டுமில்ல. டிசம்பர்லயும் இல்ல. லீவு நாள்ல ஒண்டும் இல்ல." குரலை இன்னும் தாழ்த்தினாள். "பெட்ரோல் இல்லாத காலத்துல, கியூஆர் காட்டி வாரத்துக்கு அஞ்சு லீட்டர் அடிச்சமே, அப்ப உங்கட கோடு எல்லாமே நிண்டு போயிருக்கு. இது மட்டும் ஓடீக்குது."

கஜேந்திரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒன்றரை என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இத எடுத்துற முடியுமா தங்கச்சி?"

"உங்கட படம் அண்ணே. எடுக்கச் சொன்னா எடுப்பன்."

அவள் எதையோ தட்டினாள். முடிச்சு இல்லாமல் போயிற்று. அந்த இடத்தில் மற்றக் கோடுகளைப் போல ஒரு மெல்லிய கோடு மட்டும் ரிவர்ஸ்டன் பக்கம் ஏறியது. கஜேந்திரன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தான். ஆட்டோவை ஸ்டார்ட் பண்ண இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முந்திய தீபாவளி அது. மத்தியானமே குடித்திருந்தான். ஏழு வயது விதுஷா மத்தாப்பு வேண்டும் என்று அழ, அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். சிவநந்தினி வேண்டாம் வேண்டாம் என்று கேட் வரைக்கும் ஓடி வந்தாள். ஒரு வளைவில் ஆட்டோ புரண்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளையின் இடது முழங்கை எலும்பு இரண்டாக உடைந்தது.

சிவநந்தினி சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவனை இன்றுவரை அரிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ரத்தோட்டையில் இருக்கும் அண்ணன் சண்முகராஜா வீட்டுக்கு நேராகப் போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து அவன் அங்கே போனபோது பெரியவர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"ஆட்டோ சத்தம் கேட்டாலே பிள்ள நடுங்குது. அவளா அப்பா வேணும்னு கேக்கிற வரைக்கும் அவ முன்னால வராதீங்க. கேட்டா நானே சொல்லி அனுப்புறேன்."

அவன் வாக்குக் கொடுத்தான். அன்றைக்கு விட்ட குடியை இன்றுவரை தொடவில்லை. சிவநந்தினி தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டான். சொல்லி அனுப்புவாள் என்று ஒரு வருடம் காத்திருந்தான். இரண்டு வருடம் காத்திருந்தான். கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த நேரம், ரிவர்ஸ்டனுக்கு ஒரு ஹயர் போய்த் திரும்பும்போது, ஒரு பாலத்தருகே இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஹாட்வெயார் கடை முன்னால் ஆட்டோவை ஓரங்கட்டினான். அந்தக் கூட்டத்தில் விதுஷாவைக் கண்டான். நூறு யார் தூரம் இருக்கும். வளர்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல். யாரோடோ சிரித்துக்கொண்டு போனாள்.

முன்னால் வரமாட்டேன் என்றுதானே சொன்னேன், தூரத்தில் நிற்கலாம்தானே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். தினமும் போனால் யாராவது கவனித்துவிடுவார்கள். போகாமலும் முடியவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டான். அவள் சண்முகராஜா வீட்டுச் சந்தியில் திரும்பி மறையும்வரை பார்ப்பான். அவ்வளவுதான். மழை நாட்களில் குடைகளுக்குள் அவள் எந்தக் குடை என்று தெரியாமலே திரும்பி வந்திருக்கிறான்.

முடிச்சை எடுக்கச் சொன்ன பிறகு அவனுக்கு வேலையில் மனம் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வெள்ளைக்காரர்களை ரிவர்ஸ்டனுக்கு ஏற்றிக்கொண்டு போனான். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. ஹாட்வெயார் கடை முன்னால் ஒரு லொறி நின்றது. அந்த இடத்தைக் கடக்கும்போது ஆட்டோ தானாகவே மெதுவானது போல இருந்தது. மேலே, காற்று ஆளைத் தள்ளுகிற அந்த உச்சியில், வெள்ளைக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கஜேந்திரன் மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாலு வருடத்தில் தான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியத்தை அழிக்கச் சொல்லிவிட்டோமே என்று தோன்றியது.

திரும்பும் வழியில் றிஸ்னாவின் வீட்டுக்குப் போனான்.

"தங்கச்சி, அந்த வட்டத்தெல்லாம் திரும்பப் போட முடியுமா?"

றிஸ்னா அவனைக் கூர்ந்து பார்த்தாள். "ஏலும். ஆனா அண்ணே, உங்கட பேர் இல்லாட்டியும் அந்த ரோட்டத் தெரிஞ்சவங்களுக்கு வெளங்கும். கேஸ் கீஸ் எண்டு வருமா?"

"வந்தா வரட்டும்."

"யாரு அண்ணே அது?"

"மக," என்றான். அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது. உள்ளே இருந்த ஹவ்வா உம்மா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

கண்காட்சியின் முதல் நாள் கஜேந்திரன் போயிருந்தான். டவுனில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் அச்சடித்து, சட்டம் போட்டு, மழைப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். திரையில் பார்த்ததைவிடப் பெரிது. கீழே, 'மாத்தளை மாவட்டத்தில் ஓர் ஓட்டுநரின் நான்கு ஆண்டுகள்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. இரண்டு பேர் அதற்கு முன்னால் நின்று, பாண் ரொட்டி விற்கிற ஆட்டோவாக இருக்கும், இல்லை ஏதாவது கம்பெனிச் சாமான் விநியோகிப்பவனாக இருக்கும் என்று விவாதித்தார்கள். அவன் அவர்களுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். அவர்கள் போன பிறகும் நின்றான்.

இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. தம்புள்ளையில் ஒரு ஹயருக்காகக் காத்திருந்தபோது றிஸ்னா அழைத்தாள். குரல் சரியாக இல்லை.

"அண்ணே, ரத்தோட்டையில இருந்து சித்திர டீச்சர் ஒராள் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு பிள்ள உங்கட படத்துக்கு முன்னால நிண்டு, இது எங்கட ஸ்கூல் ரோட்டு, இது பாலம் எண்டு மத்தப் பிள்ளைகளுக்குக் காட்டினிச்சி. எல்லாரும் போன பொறகும் அது மட்டும் நிண்டிச்சி. இதுல ஏன் இவ்வளவு வட்டம் எண்டு கேட்டிச்சி. ஒரு வட்டம் ஒருக்கா நிண்டதுக்கு, நூத்திப் பதினெட்டுத் தடவ, எல்லாம் வியாழக்கிழம எண்டு சொன்னன். சொல்லாம ஈந்திருக்கணுமோ தெரியா."

கஜேந்திரன் கேட்டான்: "பொறகு?"

"நீல ஆட்டோவா மிஸ் எண்டு கேட்டிச்சி."

ரோட்டில் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. கஜேந்திரன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நான் ஒண்டும் சொல்லல்ல அண்ணே. பொய் சொல்லவும் ஏலாமப் போச்சி. அது என்ட மொகத்தப் பாத்துட்டுப் போயிட்டு."

அன்றும் மறுநாளும் கஜேந்திரன் போன் அடிக்கும்போதெல்லாம் பதறினான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டாண்டில் முதல் ஆளாக நின்றபோது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் குரலை அறிந்தான்.

"வாக்குக் குடுத்தீங்க," என்றாள் சிவநந்தினி.

"அவ முன்னால வரல நந்தினி. தூரத்துலதான் நின்னேன்."

"நாலு வருசமா?"

"ஆமா."

"நான் என்னென்னு நெனைக்கிறது? என் பிள்ளைய ஒரு ஆளு நாலு வருசமா ஒளிஞ்சிருந்து பாக்குறாரு. நானும் அதே ரோட்டுலதான் வேலைக்குப் போயிட்டு வாறேன். எனக்குத் தெரியாது." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதான் எனக்குத் தாங்க முடியல. கடைக்கு முன்னால ஆட்டோ நிக்கிறத ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே பாத்திருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொன்னா நீங்க வராம போயிருவீங்கன்னு பயந்தாளாம்."

கஜேந்திரன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ராத்திரியெல்லாம் அழுதிட்டா. நான் மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க. நான் கூப்பிடல. அவ கேக்குறா, அதான் சொல்றேன். வியாழக்கிழம ஸ்கூல் விட்டதும் கேட்டுக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க. வீடு வரைக்கும் நடந்து வாங்க. ஆட்டோவுல ஏத்தக் கூடாது."

"ஏத்த மாட்டேன்."

"அதுக்கு மேல இப்ப ஒண்ணும் கேக்காதீங்க."

"கேக்கல," என்றான். அழைப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கே ரத்தோட்டைக்குப் போய்விட்டான். ஆட்டோவை வழக்கமான இடத்தில் விட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்தான். நாலு வருடத்தில் அந்தப் பாலத்தைக் காலால் கடந்தது அதுதான் முதல் தடவை. மற்றப் பெற்றோருக்கு நடுவில் கேட்டருகே நின்றபோது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மணி அடித்தது.

விதுஷா தனியாக வந்தாள். அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். அவன் தோள் உயரத்துக்கு இருந்தாள். கிட்டத்தில் அவள் முகம் அவன் தூரத்திலிருந்து நினைத்து வைத்திருந்த முகமாக இல்லை. மூக்கு அவனுடையது. மேலுதட்டில் சின்னதாக ஒரு மச்சம் இருந்தது. அது முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"போவமாப்பா," என்றாள்.

அவன் புத்தகப் பையை வாங்கிக்கொண்டான். ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். ரோடு அகலமான இடத்தில் அவள் பக்கத்தில் வந்தாள். அரைக்கைச் சட்டைக்குக் கீழே இடது முழங்கையில் தழும்பு நீளமாக, வெளிறிய நிறத்தில் ஓடியது. அவ்வளவு தூரத்திலிருந்து அது ஒருநாளும் அவன் கண்ணில் பட்டதில்லை. பார்வையை எடுக்க நினைத்தான். முடியவில்லை.

"இப்ப வலிக்கிறதில்ல," என்றாள். "குளிர்னா கொஞ்சம்."

"ம்."

கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாள்: "ஏன் ஒருநாளும் எறங்கி வரல?"

"நீயா கேக்கிற வரைக்கும் வரமாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேம்மா."

அவள் நின்றுவிட்டாள். "நான் கேக்கணும்னு எனக்கு யாரு சொன்னா?"

 ஆறு வருடம் அந்த ஒரு சொல்லுக்காக அவன் காத்திருந்தான். சொல்ல வேண்டியவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. சிவநந்தினி மறைத்தாளா, பிள்ளையைக் கிளறக் கூடாது என்று பேசாமல் இருந்தாளா? யோசிக்க யோசிக்க யார்மேலும் கோபம் வரவில்லை. 

"நீங்க வந்து நிப்பீங்க, பொறகு போயிருவீங்க," என்றாள் விதுஷா. "ஹயருக்கு நிக்கிறீங்களா, என்னப் பாக்க நிக்கிறீங்களான்னு எனக்குத் தெரியல. வேணும்னே மெதுவா நடந்து பாத்தேன். நீங்க எறங்கல. அப்பாவுக்கு என்னப் புடிக்கலன்னு நெனச்சேன்."

"ஐயோ, இல்லம்மா."

"அந்தப் படத்தப் பாத்த பொறகுதான் தெரிஞ்சிச்சி. நான் பாத்தது முப்பது நாப்பது தடவதான். மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது." அவள் குரல் உடைந்தது. சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கஜேந்திரன் பையைக் கைமாற்றிக்கொண்டு, பயந்து பயந்து அவள் தலையில் கையை வைத்தான். அவள் விலகவில்லை.

மீதி வழியில் அவள்தான் பேசினாள். கணக்கு வரவில்லை, சித்திரம் வருகிறது, மாமா வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது என்று ஏதேதோ சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினான். தூரத்திலிருந்து பதினைந்து நிமிடமாகத் தெரிந்த பாதை நடந்தபோது உடனே முடிந்துவிட்டது.

கேட்டில் சிவநந்தினி நின்றாள். அரைநாள் லீவு போட்டிருக்க வேண்டும். அவள் இளைத்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. கஜேந்திரன் பையை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை. கேட்டைச் சாத்தவும் இல்லை.

"அடுத்த வியாழக்கிழம ஸ்கூல்ல தமிழ்த்தினப் போட்டி இருக்குப்பா," என்றாள் விதுஷா, படியில் நின்றபடி. "முடிய மூணு மணியாகும்."

கஜேந்திரன் சிவநந்தினியைப் பார்த்தான். அவள் பிள்ளையின் பையில் ஏதோ பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "மழ வரும். கொட எடுத்துக்கிட்டு வாங்க," என்றாள்.